வளர்ந்த குழந்தைகளுக்கு என்ன வாங்கித் தருவது?

(நமது சங்கத்தின் புனே கிளையில் புரட்டாசி மாத உறுப்பினர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற ஊர் அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)

 

போன வாரம் நம் செயலாளர் போன் செய்து, "மாமி, நீங்க முப்பத்திரண்டு வருஷம் பாங்க்ல இருந்தவா. தீபாவளி வரது. பணம் சம்பந்தமா ஏதாவது பேசுங்கோளேன்" என்றார். டெபாசிட், உயில், நாமினேஷன் எல்லாம் இந்த மேடையில் பல தடவை பேசியாகிவிட்டது. நாமும் கேட்டுவிட்டு, காப்பி சாப்பிட்டுவிட்டு, நாமினேஷன் போடாமலே வீட்டுக்குப் போயிருக்கிறோம். அதனால் இந்தத் தடவை சின்ன விஷயமாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். தீபாவளிக்கு வளர்ந்த குழந்தைகளுக்கு என்ன தருவது? சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க அது அவ்வளவு சின்னதாக இல்லை.

முதலில் ஒரு கேள்வி. போன தீபாவளிக்குப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கிஃப்ட் கார்டு கொடுத்தவர்கள் கை தூக்குங்கள். (பாதிக்கு மேல் கைகள்.) சரி. அந்தக் கார்டை அவர்கள் செலவழித்தார்களா இல்லையா என்று தெரிந்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள். (மூன்று கைகள்.) பார்த்தீர்களா! நான் பேச வந்த விஷயமே அதுதான்.

நம் சின்ன வயதில் இந்தப் பிரச்னையே கிடையாது. அப்பா ஒரே தானில் துணி எடுத்து வருவார். எனக்குப் பாவாடை, தம்பிக்குச் சட்டை, மீந்ததில் தலையணை உறை. பிடிக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. நம் குழந்தைகளுக்கும் காலேஜ் படிக்கும் வரை நாமே கடைக்கு அழைத்துப்போய் வாங்கினோம். அவர்கள் வேலைக்குப் போய், நம்மைவிட அதிகம் சம்பாதிக்க ஆரம்பித்ததும்தான் தடுமாற்றம் வந்தது. ஆசையாக ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போனால், "நன்னாயிருக்கும்மா" என்று பீரோவில் வைப்பான். அடுத்த வருஷம் போனாலும் அது மடிப்புக் கலையாமல் அங்கேயே இருக்கும்.

அந்தச் சமயத்தில் கிஃப்ட் கார்டு வந்தது. அளவு பார்க்க வேண்டாம், நிறம் பார்க்க வேண்டாம், கூரியர் பயம் இல்லை. அடுத்தாற்போல் 'அனுபவப் பரிசு' என்று ஒன்று வந்தது. பொருளுக்குப் பதில் ஒரு அனுபவம். மண்பாண்ட வகுப்பு, மசாஜ், மலையேற்றம், இருவருக்கு விருந்து என்று விதவிதமான வவுச்சர்கள். நானும் இரண்டையும் மாற்றி மாற்றி நாலைந்து வருஷம் கொடுத்தேன். கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

டிராயரில் கிடந்த பன்னிரண்டாயிரம்

மூன்று வருஷம் முன்பு பெங்களூரில் பிள்ளை ஆத்துக்குப் போயிருந்தோம். டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி தேடி ஒரு டிராயரைத் திறந்தேன். உள்ளே ஒரு கவரில் ஐந்து கார்டுகள். எல்லாம் நான் கொடுத்தவை. புஸ்தகக் கடைக் கார்டு இரண்டாயிரம், துணிக்கடைக் கார்டு மூவாயிரம், நகைக்கடைக் கார்டு ஐயாயிரம், பாங்க் கார்டு ஐயாயிரம், இருவருக்கான மண்பாண்ட வகுப்பு வவுச்சர் நாலாயிரம். பாங்க் புத்தி போகுமா? உடனே தேதிகளைப் பார்த்தேன். துணிக்கடை, பாங்க், மண்பாண்டம், மூன்றுக்கும் காலாவதி. பன்னிரண்டாயிரம் ரூபாய்!

எனக்குக் கோபம் வந்தது. "பென்ஷன் பணம்டா இது. பிரிச்சுக்கூடப் பார்க்கலையே" என்று பிள்ளையிடம் கத்திவிட்டேன். அவன், "மறந்தே போச்சும்மா" என்றான். அது என் கோபத்தை இன்னும் அதிகப்படுத்தியது.

ராத்திரி பாத்திரம் ஒழிக்கும்போது மாட்டுப்பெண் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, அந்த மண்பாண்ட கிளாஸுக்கு நாலு தடவை புக் பண்ணப் பார்த்தோம். சனி ஞாயிறு மட்டும்தான் உண்டு. ரெண்டரை வயசுக் குழந்தையை உள்ளே விடமாட்டாளாம். யார்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தெரியலை. அப்படியே தேதி போயிடுத்து."

எனக்கு வாயடைத்துவிட்டது. ஏனென்றால் அந்த வவுச்சர் செல்லுபடியாக இருந்த காலத்தில் நான் அதே வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். காலையில் சஹஸ்ரநாமம், சாயங்காலம் கோயில், சனிக்கிழமை மல்லேஸ்வரத்தில் பழைய சிநேகிதி வீடு. குழந்தையை மூன்று மணி நேரம் பார்த்துக்கொள்ளும்படி அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. நாலாயிரம் ரூபாய் கொடுத்தேன். மூன்று மணி நேரம் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். பாங்க் கார்டு காலாவதியாகும் முன் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கிறார்கள். யாருக்கு? எனக்கு! கார்டு வாங்கும்போது படிவத்தில் என் நம்பரைத்தானே எழுதினேன்? நான் திறந்து பார்க்காத முந்நூறு எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவில் அதுவும் இருந்தது. பிள்ளை மறந்தான் என்று கத்தினேனே, மறந்ததில் பாதி என் பங்கு.

கார்டுகளின் ஜாதகம்

ஊருக்கு வந்ததும் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிஃப்ட் கார்டுகளில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று, ஒரு கடை தன் கடையிலேயே செலவழிக்கத் தருவது. துணிக்கடை, நகைக்கடை, புஸ்தகக்கடைக் கார்டுகள் இந்த ரகம். இவற்றை வெளியிட ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. ஆகவே எத்தனை மாசம் செல்லும், மிச்சம் என்னாகும், தொலைந்தால் என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடை வைத்த சட்டம். கடையை மூடிவிட்டால் கார்டு வெறும் பிளாஸ்டிக்.

இரண்டாவது, வங்கிகளும் அனுமதி பெற்ற நிறுவனங்களும் வெளியிடும், பல கடைகளில் செல்லும் கார்டு. இவற்றுக்கு 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விரிவான விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒரு கிஃப்ட் கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது. ஒரு தடவை போட்டதுதான், மறுபடி பணம் ஏற்ற முடியாது. ஏ.டி.எம்.மில் பணமாக எடுக்கவும் முடியாது. குறைந்தது ஒரு வருஷம் செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். காலாவதியானாலும் கார்டு வைத்திருப்பவர் கேட்டால் புதுப்பித்துத் தர வேண்டும். இதைப் படித்ததும் அந்த வங்கிக்கு எழுதினேன். ஐயாயிரமும் புதுக் கார்டாக வந்தது. துணிக்கடைக்கும் மண்பாண்ட வவுச்சர் கம்பெனிக்கும் எழுதினேன். "நிபந்தனைகளில் போட்டிருக்கிறது" என்று இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். ஏழாயிரம் போனது போனதுதான்.

என் அனுபவத்தில் தெரிந்துகொண்ட சில நுணுக்கங்கள்:

ஒன்று. கார்டு வாங்கும்போது பெறுபவரின் போன் நம்பரையும் ஈமெயிலையும் கொடுங்கள். அதோடு காலாவதித் தேதிக்கு இரண்டு மாசம் முன்பு நம் வீட்டுக் காலண்டரிலும் ஒரு வட்டம் போடுங்கள்.

இரண்டு. மிச்சத் தொகைப் பிரச்னை. ஐயாயிரம் கார்டில் 4,660 ரூபாய்க்கு வாங்கினால் 340 மிச்சம். அடுத்த கடையில் 900 ரூபாய் பில்லுக்கு அந்த 340-ஐ மட்டும் கார்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னால், கூட்ட நேரத்தில் கவுன்டரில் முகம் சுளிப்பார்கள். பில் போடும் முன்பே, "இதில் இவ்வளவு, மீதி ரொக்கம்" என்று சொல்லிவிட்டால் நடக்கும்.

மூன்று. நகைக்கடைக் கார்டு என்றால் தங்க நாணயம் வாங்கலாமா, மற்ற தள்ளுபடிகளோடு சேர்த்துச் செல்லுமா என்று முதலிலேயே கேளுங்கள். சில கடைகளில் நாணயத்துக்குச் செல்லாது.

நாலு. இது மிக முக்கியம். கார்டின் சுரண்டும் பட்டைக்குக் கீழே இருக்கும் நம்பர்தான் பணம். அதைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். "நான் மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக நாலு கிஃப்ட் கார்டு வாங்கி நம்பரை அனுப்பு" என்று மேலதிகாரி பெயரிலோ சொந்தக்காரர் பெயரிலோ வாட்ஸாப்பில் செய்தி வந்தால் அது மோசடி. அவர்களுடைய பழைய நம்பரில் கூப்பிட்டுப் பேசுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கடையோடு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அனுபவம் என்றால் என்ன?

கார்டாவது டிராயரில் ஒரு வருஷம் தூங்கும். அனுபவ வவுச்சருக்குப் பொறுமை இன்னும் குறைவு. எந்த ஊரில், எந்தக் கிழமை, பண்டிகை நாட்களில் உண்டா, மழை பெய்தால் வேறு தேதி தருவார்களா, வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா, குழந்தையை அழைத்துவரலாமா, உடல்நிலை நிபந்தனை உண்டா? இந்த ஏழு கேள்விக்கும் பதில் தெரியாமல் வாங்காதீர்கள்.

இருவருக்கு என்று போட்ட வவுச்சரிலும் ஜாக்கிரதை. நமக்குத் தெரிந்த ஒரு மாமி, கல்யாணம் ஆகாத முப்பத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு 'ஜோடிகளுக்கான விருந்து' வவுச்சர் கொடுத்தார். கடையில் தள்ளுபடி இருந்ததாம். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை. மாமி என்னிடம் சொல்லி அழுதார். கவரைத் திறக்கும்போது அந்தக் குழந்தையின் இன்றைய வாழ்க்கை நமக்குக் கண்ணில் இருக்க வேண்டும். நாம் ஆசைப்படும் வாழ்க்கையை அதில் வைத்து அனுப்பக்கூடாது.

அதேபோல நம் ஆசையைப் பரிசாக வேஷம் போடுவதும் உண்டு. "உனக்குக் காசி டிக்கெட் வாங்கியிருக்கேன், கூட நாங்களும் வரோம்" என்றால், அது யாருக்குப் பரிசு? காசிக்குப் போக வேண்டுமானால், "எங்களை அழைச்சுண்டு போடா" என்று நேராகக் கேட்பது கௌரவம்.

சேர்ந்து போவதில் எல்லோருக்குமே ஆசை இருந்தால் சமாசாரம் வேறு. என் நாத்தனார் குடும்பம் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போனார்கள். 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். 1908-ல் உதகை வரை போட்ட பாதை, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறுவதைப் பேரன் இன்றைக்கும் சொல்கிறான். இதற்கு வவுச்சர் எதுவும் வேண்டாம். டிக்கெட் வாங்க வேண்டும், அவ்வளவுதான். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆகவே எல்லோருடைய லீவையும் முதலில் பேசி முடித்துவிட்டு, பதிவு திறக்கும் அன்றே உட்கார வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்த வண்டியை நிறுத்திவிடுவார்கள். அதையும் மனசில் வைத்து மாசத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பரண் மேல் இருந்த வீணை

டிராயர் விஷயத்துக்குப் பிறகு நான் பரிசு வாங்கும் முன் கேட்பது என்று தீர்மானித்தேன். குர்காவ்னில் இருக்கும் பெண்ணிடம், "தீபாவளிக்கு உனக்கு என்னடி வேணும்?" என்றேன். "ஒண்ணும் வேண்டாம்மா" என்றாள். இந்தக் கேள்விக்கு எல்லாக் குழந்தைகளும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அதனால் இன்னொரு நாள் வேறு மாதிரி கேட்டேன். "போன மாசத்துல எந்த நாள் உனக்கு மனசுக்கு நன்னாயிருந்தது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள். "எதிர் பிளாட்ல யாரோ வீணை வாசிச்சாம்மா. பால்கனியில அரை மணி நின்னு கேட்டேன். அடுப்புல கூட்டு அடிப்பிடிச்சுடுத்து."

இங்கே ராஸ்தா பேட்டில் ஒரு டீச்சரிடம் ஒன்பது வருஷம் வீணை கற்றவள் அவள். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் டியூஷனுக்காக நிறுத்தினோம். நிறுத்தினோம் என்று பன்மையில் சொல்கிறேன். நிறுத்தியது நான். அதற்குப் பிறகு என்ஜினீயரிங், வேலை, கல்யாணம், குழந்தை. வீணை பழைய போர்வையில் சுற்றிப் பரண் மேல் ஏறிவிட்டது.

ஆத்துக்காரர் ஏணி போட்டு இறக்கினார். பிரித்துப் பார்த்தால், வீணையின் 24 மெட்டுகளையும் பிடித்துக்கொண்டிருக்கும் கறுப்பு மெழுகு புனே வெயிலில் இளகி, காய்ந்து, வெடித்திருந்தது. மெட்டுகள் பல் ஆடுவதுபோல ஆடின. தந்திகள் துருப்பிடித்திருந்தன. மெழுகை எடுத்துவிட்டு, புதிதாக வைத்து, ஸ்வரம் பார்த்து மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். நல்ல காது உள்ள கைவினைஞர்தான் செய்ய முடியும். ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது எடுத்துப்போய் மயிலாப்பூரில் ஒருவரிடம் கொடுத்துக் கட்டி வாங்கினோம். ஆன செலவு ஒரு நல்ல பட்டுப்புடவை விலைகூட இல்லை. நாலடிக்கு மேல் நீளமான சாமான், கூரியரில் போட மனசு வரவில்லை. ரயிலில் கீழ் பர்த்தில் அதைப் படுக்கவைத்துவிட்டு, பாதி ராத்திரி நான் உட்கார்ந்துகொண்டே டில்லி போனேன்.

இதோடு விட்டிருந்தால் வீணை பரண் மாறியிருக்கும், அவ்வளவுதான். புனே பரணிலிருந்து குர்காவ்ன் பரணுக்கு. டிராயர் கற்றுக்கொடுத்த பாடம் ஞாபகம் இருந்தது. மாப்பிள்ளையிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் காப்பி கொடுக்கும்போது, "ஞாயித்துக்கிழமை பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் குழந்தையை நீங்க பார்க்குக்கு அழைச்சுண்டு போக முடியுமா? அந்த ஒரு மணி நேரம் அவளுக்குன்னு இருக்கட்டும்" என்றேன். அவர், "இவ்வளவுதானேம்மா, தாராளமா" என்றார். நான்தான் பயந்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் எடுக்கும் ஒரு டீச்சருக்கு மூன்று மாசத்துக்கு மட்டும் பணம் கட்டினேன். ஒரு வருஷத்துக்குக் கட்டினால் அது பரிசாக இருக்காது, பாரமாகிவிடும்.

பன்னிரண்டு வகுப்பில் ஏழுதான் போனாள். ஒரு வாரம் ஆபீஸ் வேலை, ஒரு வாரம் குழந்தைக்கு ஜுரம். முன்பாக இருந்தால், "பணம் கட்டியிருக்கேனே" என்று கேட்டிருப்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பன்னிரண்டாயிரத்தைவிடப் பெரிய செலவு. பங்குனியில் ஒரு நாள் ராத்திரி அவளே போன் செய்து, பேசாமல் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மோகன வர்ணம் வாசித்தாள். நடுவில் தப்பு வந்தது, அவளே சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன். அத்தனை வருஷத்தை யார் திருப்ப முடியும்? ஆனால் நான் எடுத்தேன் என்பதை அவளிடம் சொன்னேன். "தெரியும்மா" என்றாள்.

பெங்களூருக்கும் ஒரு வழி செய்தோம். அதே மண்பாண்ட வகுப்புதான். இந்தத் தடவை வவுச்சர் வாங்கவில்லை. "கார்த்திகையில் இரண்டு சனிக்கிழமை நாங்கள் வருகிறோம், காலை முதல் மத்தியானம் வரை குழந்தை எங்கள் பொறுப்பு, தேதியை நீங்களே குறியுங்கள்" என்று ஒரு காகிதத்தில் எழிதிக் கொடுத்தோம். போய்விட்டு இருவரும் கோணலாக ஒரு சட்டி செய்துகொண்டு வந்தார்கள். இப்போது அது என் மேஜையில் பேனா வைக்கும் சட்டி.

சுருக்கமாகச் சொன்னால்

நம் குழந்தைகளிடம் பணம் இருக்கிறது, சாமானும் இருக்கிறது. இல்லாதது நேரம். அந்த நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கையும் இல்லை. கார்டோ அனுபவமோ எது கொடுத்தாலும் அதோடு ஒரு தேதியையும் ஒரு கையையும் சேர்த்துக் கொடுங்கள். முட்டிவலி, ரத்த அழுத்தம் என்று நம்மில் பலருக்குக் குழந்தையைத் தூக்கி ஓட முடியாது. தப்பில்லை. அந்த நாளுக்குச் சமையலுக்கு ஆள் வைக்கலாம், டாக்ஸிக்குப் பணம் கொடுக்கலாம், சம்பந்தி மாமியைக் கேட்கலாம்.

இன்னொன்று. மாப்பிள்ளை கவர் கனமாகவும் மாட்டுப்பெண் கவர் லேசாகவும் இருக்கும் வழக்கத்தை விட்டுவிடுவோம். மாட்டுப்பெண்ணுக்கு என்றால் அவள் பெயரில், அவள் கையில் கொடுங்கள். 'வீட்டுக்குப் பொதுவாக' என்று பிள்ளை கையில் கொடுத்தால் அது டி.வி.யாக மாறிவிடும்.

கொடுத்த பிறகு கணக்குக் கேட்காதீர்கள். காலாவதிக்கு முன் ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் கேட்டால் அது பரிசு இல்லை, ஆடிட்.

உரைக்குப் பின் சில கேள்விகள்

கேள்வி: எதற்கு இவ்வளவு சுற்றல்? போனிலேயே பணம் அனுப்பிவிட்டால் என்ன?

பதில்: தாராளமாக அனுப்பலாம். இ.எம்.ஐ.யில் கரைந்துவிடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கும் குழந்தைக்குக் கடன் குறைவதே பெரிய தீபாவளி. கஷ்டத்தில் இருக்கும் குழந்தைக்கு மசாஜ் வவுச்சர் அனுப்பாதீர்கள், பணம் அனுப்புங்கள்.

கேள்வி: பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறான். இங்கே வாங்கும் கார்டு செல்லுமா?

பதில்: ரூபாய்க் கார்டுகள் பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. அந்த நாட்டுக் கடையின் கார்டை அந்த நாட்டு வலைதளத்திலேயே வாங்க வேண்டும். அங்கே 2009-ல் வந்த ஒரு மத்திய சட்டப்படி, கடைகளும் வங்கிகளும் விற்கும் கிஃப்ட் கார்டு குறைந்தது ஐந்து வருஷம் செல்ல வேண்டும். அந்த விஷயத்தில் அவர்களுக்கு நம்மைவிட அவகாசம் அதிகம்.

கேள்வி: குழந்தைகளுக்குத் தருவதற்கு வரி உண்டா?

பதில்: பெற்றோர் பிள்ளை, பெண்ணுக்குத் தரும் பரிசுக்கு, தொகை எவ்வளவானாலும், பெறுபவருக்கு வருமான வரி இல்லை. மாட்டுப்பெண், மாப்பிள்ளைக்கும் அப்படியே. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். மாட்டுப்பெண்ணுக்குக் கொடுத்த பணத்தை அவள் டெபாசிட்டில் போட்டால், அதன் வட்டி கொடுத்த மாமனார் மாமியாரின் வருமானத்தோடு சேரும். கார்டு கொடுத்து அவள் புடவை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். குழந்தைகள் நமக்குக் கொடுத்த கார்டுகளும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். இந்த உரைக்குத் தயார் செய்யும்போது நானும் பார்த்தேன். பெண் என் பிறந்தநாளுக்கு அனுப்பிய கால் மசாஜ் வவுச்சர் ஒன்று, புடவை மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. "எதுக்கு வீண் செலவு" என்று அப்போது அவளைத் திட்டியதும் ஞாபகம் வந்தது. மார்கழி வரை தேதி இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை போகிறேன். அன்றைக்குச் சமையல் தான் பார்த்துக்கொள்வதாக, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் ஆத்துக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இத்தனை பேர் சாட்சி!